வடலூரில் மூண்ட அடுப்பு

சிதம்பரத்திற்கும் புவனகிரிக்கும் இடையே கீரப்பாளையம் என்னும் ஊர் இருக்கிறது. வெள்ளாற்றுக்கு அண்மையில், நெல்வயல்கள் சூழ்ந்த வட்டாரம் அது. சாலையின் இருமருங்கிலும் பச்சைப் பயிரைக் காணும் வழிப்போக்கர், இப்பகுதியில் பசி என்ற ஒன்று எக்காலத்திலேனும் இருந்திருக்குமோ என்று ஐயுறுவர். ஆயின் நெல் விளையும் ஊரில் பட்டினி இராது என்பது விளைச்சலை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களின் பேச்சு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வயல்களில் நாற்று நட்ட கையும் கதிர் அறுத்த கையும் ஒன்றாக இருந்தன. களத்தில் குவித்த நெல்லை அளந்து எடுத்துச் சென்ற கை வேறாக இருந்தது. ஒரு பருவ மழை பொய்த்தால் முதலில் உலை ஏறாமற் போனது அறுத்தவனின் குடிசையில்தான்.

இந்த வட்டாரத்திலேயே, புவனகிரிக்கு வடமேற்கே உள்ள மருதூரில் பிறந்து, பசியையே தம் வாழ்நாளின் தலையாய வினாவாக ஏற்றுக்கொண்டவர் இராமலிங்க அடிகளார். வள்ளலார் என்று நாடு அவரை அழைக்கிறது. அவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். சைவக் குடும்பத்தில் தோன்றியவர். வெள்ளிக்கிழமைப் பகுதியில் அவர் வரலாறு எதற்கு என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். அண்டை வீட்டான் பசித்திருக்கத் தான் மட்டும் வயிறார உண்பவனைக் குறித்துப் பெருமானார் (ஸல்) அவர்கள் விடுத்த எச்சரிக்கையை நாம் அனைவரும் அறிவோம். அந்த எச்சரிக்கையில் அண்டை வீட்டானின் சமயம் இன்னதெனக் குறிக்கப்படவில்லை. அவ்வாறிருக்க, நம் அண்டை ஊர்க்காரர் ஒருவர் தம்மைச் சூழ்ந்த பசியை எவ்வாறு எதிர்கொண்டார் என்பதை அறிந்து வைப்பது நமக்குத் தகாத செயலாகாது.

அடிகளார் 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் பிறந்தார். தந்தையார் இராமையா பிள்ளை ஊர்க் கணக்கர். பிள்ளைகளுக்கு எழுத்தும் கற்பித்து வந்தவர். தாயார் சின்னம்மையார். ஐவருள் கடைக்குட்டியான இக்குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே தந்தையார் காலமானார். கைம்பெண்ணான அன்னை பிள்ளைகளுடன் பொன்னேரிக்கு அருகிலுள்ள தம் பிறந்தகத்திற்குச் சென்று, பின்னர்ச் சென்னைப் பட்டணத்தில் குடியேறினார். மூத்த மகனார் சபாபதி புராணப் பிரசங்கம் செய்து ஈட்டிய சிறு வருவாயே அக்குடும்பத்திற்கு ஆதாரம்.

தமையனார் தம்பியைப் படிக்க வைக்க ஆசைப்பட்டார். தம்பியோ பள்ளிக்குப் போகாமல் கந்தகோட்டத்திலும் திருவொற்றியூரிலும் பொழுதைக் கழித்தார். கண்டிப்பான தமையனார் ஒரு நாள், இவனுக்கு இனி இவ்வீட்டில் சோறு கிடையாது எனக் கட்டளையிட்டுவிட்டார். அண்ணியாரின் மனம் கேட்கவில்லை. கணவர் இல்லாத நேரத்தில் புறக்கடை வழியே மைத்துனரை அழைத்து ஒளித்துச் சோறிட்டு வந்தார். தந்தையாருக்குத் திதி கொடுத்த நாளில், விருந்தினர் பலர் முன்வாசலில் உண்டு சென்ற பின், இந்தப் பிள்ளை மட்டும் கள்ளனைப் போலக் கொல்லைப்புறத்தில் வந்து உண்பதைக் கண்டு அந்த அம்மையார் கண்ணீர் வடித்தாராம். அடிகளாரின் வரலாற்றை எழுதியோர் அனைவரும் இதனைச் சொல்லிச் செல்கின்றனர். நாமோ இதில் சற்று நின்று பார்க்க வேண்டும் என எண்ணுகிறோம். பசியோடு பிறர் வீட்டு வாசலில் நிற்பது ஒரு துன்பம். தன் வீட்டுப் புறக்கடையிலேயே நிற்க நேர்வது வேறொரு துன்பம். பிற்காலத்தில் வடலூரில் அவர் கட்டிய சாலைக்கு வருவோரை ஊர், பெயர், குலம் எதுவும் கேளாமல் முன்வாசல் வழியாகவே வரவழைத்து உண்பித்ததற்கு வேர் இங்கேதான் இருக்கிறதோ என்று நமக்குத் தோன்றுகிறது.

அவருடைய புலமையைப் பற்றி இங்கே விரித்துரைக்க இடமில்லை. முறையான கல்வி இன்றியே புராண விரிவுரை செய்யும் ஆற்றல் பெற்றார். பழைய நூல்களைப் பதிப்பித்தார். 1854இல் மனுமுறைகண்ட வாசகம் என்ற உரைநடை நூலை வெளியிட்டார். அவர் பாடல்களைத் திரட்டி 1867இல் அச்சேற்றியவர் மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார். தமக்கையின் மகளை உறவினர் வற்புறுத்தலால் மணந்தார் எனினும் இல்லறத்தில் அவர் மனம் ஈடுபடவில்லை. காவி உடுக்கவும் அவர் விரும்பவில்லை. வெள்ளைத் துணி ஒன்றால் தலையையும் மேனியையும் மூடிக்கொண்டு, பார்ப்பவர்க்கு ஓர் ஏழைக் குடியானவரைப் போலவே உலவினார்.

1858ஆம் ஆண்டு வாக்கில் சென்னையின் ஆரவாரத்தை விட்டுப் பிறந்த மண்ணுக்கே திரும்பினார். சிதம்பரத்திற்குப் போவதும் வருவதுமாக, வடலூரை அடுத்த கருங்குழியில் வேங்கட ரெட்டியார் என்பவரின் இல்லத்தில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் தங்கினார். அவர் வாழ்க்கையில் நூலும் பாடலும் ஒரு பக்கம் ஒதுங்கிப் பசி என்பது நடுவிடத்திற்கு வந்தது இக்காலத்தில்தான். கருங்குழிக்கும் சிதம்பரத்திற்கும் நடுவே அவர் நடந்த வழியெல்லாம் சிற்றூர்கள். விளைந்த காலத்தில் கூழும், விளையாத காலத்தில் அதுவும் இல்லாத குடிகளை நாள்தோறும் கண்டார். 1866இல் ஒரிசாவையும் சென்னை மாகாணத்தின் சில ஜில்லாக்களையும் கொடும் பஞ்சம் வாட்டியது. அதற்கு முந்திய ஆண்டில், 1865இல், சன்மார்க்க சங்கத்தை அவர் தோற்றுவித்திருந்தார். சங்கம் என்றால் கூடிப் பேசிக் கலைவது என்ற அளவில் அது நின்றிருந்தால் இன்று நாம் அதைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

பசியை அவர் எவ்வாறு நோக்கினார் என்பதை ஜீவகாருணிய ஒழுக்கம் என்ற அவரது உரைநடை நூல் காட்டுகிறது. மருத்துவன் நோயாளியின் உடலை உற்று நோக்குவது போலப் பசித்தவன் உடலை அவர் உற்று நோக்கியிருக்கிறார். கண்ணொளி குன்றுவதும், செவி அடைப்பதும், நா வறள்வதும், கைகால் துவள்வதும், வயிறு எரிவதும் ஒவ்வொன்றாக அதிலே விவரிக்கப்படுகின்றன. பிறகு உடலை விட்டு உள்ளத்திற்கு வருகிறார். பசி மிகுந்தால் கற்றவனின் கல்வியும், வீரனின் வீரமும், நாணமுள்ளவனின் நாணமும், துறவியின் துறவும் நிலைகுலையும் என்கிறார். வயிற்றில் ஒன்றுமில்லாதவனிடம் போய் ஞானம் பேசுவது பயனற்ற வேலை என்பது அவர் முடிவு. உண்ணாநோன்பு, யாத்திரை முதலியவற்றிலும் மேலானதாகப் பசித்தவன் வயிற்றை நிரப்புவதையே அந்நூல் வைக்கிறது. மணவீடு முதலிய சுப காரியங்கள் நடக்கும் வீட்டார் ஏழைகளின் பசியை முதலில் ஆற்ற வேண்டும் எனவும் வற்புறுத்துகிறது. நம் சமுதாயத்துத் திருமண விருந்துகளில் எஞ்சிக் குழியில் கொட்டப்படும் பிரியாணியை நினைக்கும்போது, அந்தப் பக்கத்தை நம்மவரும் ஒருமுறை புரட்டுவது நன்று.

எழுதியதோடு நில்லாமல் செயலில் இறங்கினார். இங்கே ஒரு செய்தியை வாசகர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். அந்நாளில் அறச்சாலை ஒன்று எழுப்ப விரும்புவோர் பெரும்பாலும் ஜமீன்தாரையோ வணிகச் சீமானையோ அரசாங்கத்தையோ நாடினர். அடிகளாருக்கு நிலம் அளித்தவர்களோ பார்வதிபுரம் எனப்படும் வடலூரின் குடிமக்கள். ஊரார் பலர் கூடி, பத்திரத்தில் கையொப்பமிட்டு, ஏறத்தாழ 80 காணி நிலத்தைத் தானமாக எழுதிக் கொடுத்தனர். இன்றைய அளவையில் நூறு ஏக்கருக்கு மேல் வரும். தமக்கே போதும் போதாத நிலத்தை வைத்திருந்த உழவர்கள் பசித்தவருக்கென ஒரு பெருவெளியை விட்டுக்கொடுத்தார்கள் என்பது எளிய செய்தி அன்று. வரலாறு அடிகளாரின் பெயரை வைத்துக்கொண்டது. அவர்களின் பெயர்களைப் பத்திரத்திலேயே விட்டுவிட்டது.

1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வியாழக்கிழமை, ஹிஜ்ரி 1284 முஹர்ரம் மாதத்தில், அந்நிலத்தில் சத்திய தருமச்சாலை திறக்கப்பெற்றது. மாளிகை எதுவும் எழும்பவில்லை, கூரைக் கொட்டகைதான். ஆனால் அதனுள் செங்கல்லால் கட்டிய அடுப்பு 21 அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் கொண்டது. கட்டடத்தைச் சிறிதாகவும் அடுப்பைப் பெரிதாகவும் கட்டியதிலேயே அவர் நோக்கம் புலப்படுகிறது. அன்று மூட்டிய தீயை இன்றளவும் அணைய விடாமல் காத்து வருகின்றனர். நாளொன்றுக்கு மூன்று வேளையும் வருவோர்க்கு உணவு.

ஒருவருக்கு ஒரு நாள் சோறிடுவது எவர்க்கும் இயலும். மனம் இளகிய பொழுதில் செய்துவிடலாம். மறுநாள் மனம் இளகாவிட்டால் என்ன செய்வது? அடிகளார் ஈகையைத் தம் மன நிலையின் பொறுப்பில் விடவில்லை. நிலம், பத்திரம், சங்கம், அடுப்பு, விறகு, அரிசி என ஒவ்வொன்றையும் ஊரின் பொறுப்பில் கட்டி வைத்தார். தாம் சோறிடுவதைக் காட்டிலும், தாம் இல்லாத நாளிலும் சோறு வேக வேண்டும் என்பதே அவர் கவலையாக இருந்தது. நம் முன்னோர் வக்ஃபு என்று ஏற்படுத்தி வைத்ததன் உட்பொருளும் இதுதான்.

ஐந்தாண்டுகள் கழித்து, 1872 ஜனவரி 25ஆம் நாள், தருமச்சாலைக்கு அருகில் எண்கோண வடிவில் சத்திய ஞான சபையை நிறுவினார். அங்கே சிலை இல்லை. ஏழு திரைகளுக்கு அப்பால் ஒளி ஒன்றே காட்டப்பெறுகிறது. இறைவன் ஒருவனே எனவும், சாதியும் குலமும் பொய் எனவும் அவர் உரத்துச் சொன்னதைக் கேட்கும் எந்த முஸ்லிமுக்கும் அது அயலாகத் தோன்றாது. ஆயினும் அவர் கொள்கை அனைத்தும் நமக்கு உடன்பாடு என்று கூற முடியாது. கூறினால் அது முகமன் பேச்சாகிவிடும். புலால் உண்போர் ஞான சபையினுள் நுழையலாகாது என்பது அவர் வகுத்த விதி. அல்லாஹ் ஆகுமாக்கிய உணவை உண்ணும் நாம் அவ்விதியின்படி வெளியிலேயே நிற்பவர்கள். இதை மறைப்பதில் பயனில்லை.

ஆனால் அவர் அந்த விதியைத் தருமச்சாலையின் வாயிலில் எழுதி வைக்கவில்லை. புலால் உண்பவனாயினும் பசி என்று வந்தால் அப்பசியை நீக்கியே தீர வேண்டும் என்று தெளிவாக வரையறுத்தார். சபைக்கு நிபந்தனை உண்டு. அடுப்படிக்கு நிபந்தனை இல்லை. தமக்கு உயிரினும் மேலான ஒரு கொள்கையை உடைய மனிதர், அதற்கு மாறானவன் தம் இலையில் உட்காரும்போது அதைக் காரணம் காட்டி எழுப்பாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பதை, கொள்கைப் பற்றுள்ள நாம் நன்கு உணர்வோம். நம்மிடையே ஸதகா வழங்குவோரில் சிலர், வாங்குபவன் தொழுகிறானா, எந்த ஜமாஅத்தைச் சேர்ந்தவன் என்றெல்லாம் விசாரித்த பிறகே மடியை அவிழ்க்கின்றனர். விசாரணை முடிவதற்குள் சோறு ஆறிவிடுகிறது.

அடிகளாருக்கு எதிர்ப்பும் குறைவில்லை. அவருடைய பாடல்களை அருட்பா என்றழைப்பது தகாது என யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் கடுமையாக மறுத்தார். கண்டன நூல்கள் பறந்தன. 1869இல் வழக்கு கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. இரு தரப்புப் புலவர்களும் அதன் பிறகும் பல ஆண்டுகள் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டனர். அந்த ஏச்சுகளைத் தேடிப் படிப்பவர் இன்று அரியர். ஆனால் இந்நாவலர்தாம் 1877இல் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் தாக்கியபோது கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார். பாட்டில் பகைத்த இருவரும் பானையில் ஒன்றுபட்டனர் என்பதை இரு தரப்பாரும் போதிய அளவு பேசவில்லை என்பது நம் குறை.

அடிகளாரின் கடைசி ஆண்டுகள் வடலூருக்கு அண்மையிலுள்ள மேட்டுக்குப்பத்தில் கழிந்தன. 1873 அக்டோபர் 22ஆம் நாள் அங்கே கொடியேற்றி அன்பர்களுக்கு நீண்டதோர் உபதேசம் செய்தார். தாம் விரித்த சரக்கை வாங்குவோர் இல்லையே என்ற மனக்குறை அப்போது அவருக்கு இருந்தது. 1874 ஜனவரி 30ஆம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, அறையினுள் சென்று தாழிட்டுக்கொள்ளச் செய்தார். பின்னர் அவரை எவரும் காணவில்லை. அக்காலத்து ஆங்கில அதிகாரியான கார்ஸ்டின் தொகுத்து 1878இல் வெளிவந்த தென்னார்க்காடு ஜில்லாக் கையேட்டிலும் இச்செய்தி இடம் பெற்றுள்ளது. அன்பர்கள் இதனைப் பலவாறு நம்புகின்றனர். ஒவ்வோர் உயிரும் மரணத்தைச் சுவைக்கும் என்பது நம் ஈமான். அதற்கு மேல் அந்த அறையினுள் எட்டிப் பார்ப்பது நம் வேலையன்று. நமக்குத் தெரிய வேண்டியது, அவர் மறைந்த மறுநாள் தருமச்சாலையில் என்ன நடந்தது என்பதே. அடுப்பு எரிந்தது.

அது எரிந்ததன் அருமை இரண்டே ஆண்டுகளில் தெரிந்தது. 1876இல் தொடங்கி 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் இந்தியாவில் மாண்டோர் தொகை ஐம்பது இலட்சத்துக்கும் மேல் எனக் கணக்கிடுவர். சென்னை மாகாணம் அதில் பெரும்பங்கைச் சுமந்தது. துறைமுகங்கள் வழியே தானியம் ஏற்றுமதியாவது நிற்கவில்லை. அரசாங்கம் நிவாரண வேலைகள் ஏற்படுத்தியது. ஆனால் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி 1877இல் வந்து, நாள் முழுதும் மண் சுமக்கும் ஆண் ஒருவனுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் எனக் கூலியைக் குறைத்தார். உடலுழைப்புக்கு இந்த உணவு போதாது என்று டாக்டர் கார்னிஷ் என்ற ஆங்கில மருத்துவ அதிகாரியே வாதாட வேண்டியிருந்தது. உழைக்க வலுவுள்ளவன் எத்தனை மைல் நடந்து வந்தான், எத்தனை கூடை சுமந்தான் என்று அளந்து சோறிட்ட காலம் அது. அந்தக் காலத்தில், அளவு கேளாத இடம் ஒன்று தென்னார்க்காட்டில் ஓர் ஊராரின் நிலத்தில் இருந்தது.

இதை எழுதும்போது ஹிஜ்ரி 18ஆம் ஆண்டின் பஞ்சம் நினைவுக்கு வருகிறது. மதீனா வறண்டு சாம்பல் நிறமாகிய அந்த ஆண்டில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மக்கள் உண்ணும் வரை நெய்யும் இறைச்சியும் தொடுவதில்லை எனத் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொண்டார்கள். எகிப்திலிருந்து தானியம் வருவிக்க ஏற்பாடு செய்தார்கள். ஆளுநர் ஒருவர்க்கு ஆணையிட்டால் ஒட்டகங்கள் வரிசையாகப் புறப்படும் அதிகாரம் அவர்களிடம் இருந்தது. வடலூராரிடம் அத்தகைய அதிகாரம் ஏதும் இல்லை. வயல் ஒன்றே இருந்தது.

நம் வட்டாரத்திலும் இதற்கு இணையான மரபு இல்லாமற் போகவில்லை. தருமச்சாலைக்கு ஐந்தாண்டு முன்னதாக, 1862இல், லால்பேட்டையில் மன்பவுல் அன்வார் மத்ரஸா தோன்றியது. மத்ரஸாக்களில் ஓதும் ஏழை மாணவர்களுக்கு ஊர் வீடுகள் முறை வைத்துச் சோறு கொடுத்து வந்ததை நம் மூத்தோர் அறிவர். ரமளானில் பள்ளிவாசல்தோறும் காய்ச்சும் நோன்புக் கஞ்சியை வாங்க, தூக்குவாளியுடன் நிற்கும் வரிசையில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் நிற்கின்றனர். எவரும் எவரையும் கேட்பதில்லை. ஆயின் ஷவ்வால் பிறை கண்டதும் அந்த அண்டாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுகிறோம். எஞ்சிய பதினொரு மாதங்களுக்கும் அந்தத் தெருவில் பசி விடுமுறை எடுத்துக்கொள்வதில்லை.

இன்று நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது என்பதும் உண்மை. 1956இல் காமராசர் காலத்தில் பரவிய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022இல் தொடங்கிய காலை உணவும் பள்ளிப் பிள்ளைகளின் பசியைப் பெருமளவு தணித்துள்ளன. நியாய விலைக் கடை அரிசி ஏழை வீட்டு உலையை ஏற்றுகிறது. ஆனால் அரிசி கிடைத்தும் அதைப் பொங்கித் தர ஆளில்லாத முதியவர், குடும்ப அட்டையில் பெயரில்லாத நாடோடி, வேலை தேடி வந்து வழியில் காசு தீர்ந்தவன், இவர்களுக்குச் சமைத்த சோறுதான் வேண்டும். வடலூரில் பந்தியில் அமர்வோரில் இத்தகையோர் பலர்.

தருமச்சாலை இப்போது அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இருக்கிறது. அடிகளாரின் பிறந்த நாளைத் தனிப்பெருங்கருணை நாள் என அரசு அறிவித்துள்ளது. 2024இல் அப்பெருவெளியில் சர்வதேச மையம் ஒன்றைக் கட்ட அரசு முனைந்தபோது பார்வதிபுரத்து மக்கள் எதிர்த்து நின்றனர். செய்தி நீதிமன்றம் வரை சென்றது. கட்டடம் வேண்டுமா வேண்டாமா என்பதை வழக்காடியோர் பேசட்டும். தம் முன்னோர் பசித்தவர்க்கென எழுதிக் கொடுத்த காணிகளை ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் அவ்வூரார் மறக்கவில்லை என்பதை அது காட்டியது.

தைப்பூசம் வந்துவிட்டால் சுற்று வட்டாரத்து ஊர்களிலிருந்து அரிசி மூட்டையும் காய்கறியும் விறகும் வடலூருக்கு வந்து சேர்கின்றன. அறுவடை முடிந்த கையோடு வரும் புது நெல்லின் அரிசியும் அதில் உண்டு. இறக்கி வைத்தவர்கள் கைகால் கழுவிக்கொண்டு, வழிப்போக்கர்களுடன் ஒரே வரிசையில் இலை முன் அமர்ந்துவிடுகின்றனர்.